என் சதைத்துண்டில் கண்ட நீலக் கலங்கள்

அந்த இரத்தப் பரிசோதனையை நான் எங்கள் ஊரில் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கல்முனையைச் சுற்றி எந்த ஆய்வுகூடத்துக்குப் போனாலும் இரத்தம் எடுக்கிறவர் எனக்குத் தெரிந்தவராக இருப்பார். பரிசோதனைத் துண்டில் ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியின் பெயரைக் கண்டால், நான் சாய்ந்தமருதிலுள்ள என் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் செய்தி பள்ளிவாசலுக்குப் போய்விடும். ஆகவே மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன்.

அதற்கு முன்பே ஆறேழு மாதமாகச் சலம் போவதில் கரைச்சல் இருந்தது. போய்விட்டு வந்தாலும் சொட்டுவது நிற்காது. முகம் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டுத் தொழுகைக்கு நின்றால், உடுப்பு நனைந்து அந்தச் சுத்தம் முறிந்துவிட்டதோ என்ற நினைப்பில் ஓதல் தடுமாறும். முன் வரிசையில் நின்று பழகியவன் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து கதவோரத்துக்கு வந்துவிட்டேன்.

"என்ன காக்கா, இப்ப பின்னுக்கே நிக்கிறீங்க?" என்று, அண்ணன் முறை வைத்துப் பள்ளிவாசலில் ஒருவர் கேட்டார்.

முழங்கால் வலி என்றேன். மறுநாள் அவர் ஒரு தைலப் போத்தல் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன்.

மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். ஒரே மகள் தோஹாவில், கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அழைப்பாள்.

"வாப்பா, சுகமா இரிக்கீங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ், சுகம் மகள்."

பிறகு பேரப்பிள்ளைகள் போனைப் பறித்துக்கொள்வார்கள். சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. நான்தான் சொல்லவில்லை.

இரத்தத்தில் புரொஸ்டேட் நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்ததால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பயொப்ஸி பார்த்தார்கள். அதன் முடிவை வாங்கப் போன நாளில், கிளினிக் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் காரைதீவு மீனவர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவரும் முடிவுக்காக வந்தவர்தான். கடதாசியை விரித்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"காக்கா, இங்கிலீசு வாசிப்பீங்களா? டொக்டர் கூப்பிட முதல் என்ன எழுதியிரிக்கெண்டு சொல்லுங்களன்."

வாசித்தேன். சற்று முன் என் கடதாசியில் வாசித்த அதே சொற்கள்தான். ஆனால் அவருடைய கட்டியின் தரம் என்னுடையதைவிட மோசமாக இருந்தது.

"கட்டிதான் தம்பி. மருந்து இரிக்கி. டொக்டர் விளக்கமாச் சொல்லுவார்."

"புத்துநோயா?"

"ஓம்."

அவர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உங்களுக்கு என்ன காக்கா?"

"எனக்கும் அதான்."

யாரிடமும் சொல்லாததை முதன்முதலில் ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன். அவர் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் தந்தார். வாங்கி இரண்டு மிடறு குடித்தேன்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. என்னுடைய கடதாசியின் கீழே ஒரு வரி அதிகமாக இருந்தது. கட்டியைச் சுற்றிலும் அதன் உள்ளேயும் நிணநீர்க்கலங்கள் நெருக்கமாக வந்து சேர்ந்திருக்கின்றன என்பது அதன் பொருள். அவருடையதில் அப்படி எதுவும் இல்லை.

நிணநீர்க்கலம் என்பது வெண்குருதிக் கலங்களில், அதாவது வெள்ளை அணுக்களில், ஒரு வகை. கிருமியோ, கெட்டுப்போன கலமோ உடம்பில் தென்பட்டால் எதிர்க்கப் போவது அது. இரத்தத்தில் அவற்றை எண்ணுவதுதான் என் அன்றாட வேலையாக இருந்தது. கண்ணை மூடினாலும், சாயம் ஏறிய அந்த உருண்டை நீலம் தெரியும். ஆனால் சதைக்குள் அவற்றைக் கண்டதில்லை. சதைத்துண்டுகள் வேறு பிரிவுக்குப் போகும்.

அடுத்த கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். நான் யார், என்ன வேலை செய்தேன் என்று சொல்லி, சதைத்துண்டு ஒட்டிய ஒரு கண்ணாடிச் சிலைட்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஆற்ற சிலைட்?"

"என்ட."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எடுத்துவந்தார். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி அது. எதிரில் என்னை இருத்திவிட்டு, சிலைட்டை மெல்ல நகர்த்தினார்.

இளஞ்சிவப்புச் சதைக்குள் சின்னச் சின்னச் சுரப்பிகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அதுதான் நோய். இன்னும் கொஞ்சம் நகர்த்தியபோது அவை தெரிந்தன. நீல நீலமாய், கும்பல் கும்பலாய், சுரப்பிகளின் இடுக்கெல்லாம் புகுந்து நின்றன. எத்தனையோ ஆயிரம் பேருடைய இரத்தத்தில் பார்த்த அதே கலங்கள். பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாத சங்கதி இவற்றுக்குத் தெரிந்திருக்கிறதே, கூப்பிடாமலே வந்திருக்கின்றனவே என்று நினைத்தேன்.

"இவ்வளவு வந்திரிக்கே டொக்டர். நல்லதுதானே?"

அவர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஓம் எண்டு சொல்ல எனக்கும் விருப்பம்தான். குடல் புற்றுநோயில இப்பிடிக் கண்டா கொஞ்சம் சந்தோசப்படலாம். புரொஸ்டேட்டில அப்பிடி நேராச் சொல்லேலாது. இது கனக்க இருந்த ஆக்கள் நல்லா இருந்தவை எண்டு சிலர் எழுதியிருக்கினம். கனக்க இருந்த ஆக்களுக்குத்தான் நோய் கெதியாத் திரும்பி வந்தது எண்டு வேற சிலர் எழுதியிருக்கினம்."

"ஏன் அப்படி?"

"பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. செய்யிற வேலை வேற வேற. சிலது கட்டியக் கொல்லும். சிலது, கொல்ல வந்ததையும் அடக்கிப்போடும். சிலது சும்மா நிக்கும். இந்தச் சாயத்தில எது எதெண்டு பிரிச்சுக் காணேலாது."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் சொன்னது முழுக்க விளங்கியது. விளங்கியும், நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு கதிர்ச்சிகிச்சை. நானும் அந்தக் காரைதீவு மீனவரும் கிழமைக்கு ஐந்து நாளாகப் பல கிழமைகள் மட்டக்களப்புக்குப் போய்வந்தோம். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த நேரம். அவர் காரைதீவில் ஏறி, சன்னலோரமாய் இருந்து, பக்கத்து இருக்கையில் துவாயைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வருவார். அங்கே போனதும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். சலப்பை நிரம்பியிருந்தால்தான் கதிர் சரியான இடத்தில் விழும். சலத்தை அடக்க முடியாத வருத்தக்காரர்களைப் பார்த்து 'அடக்கிக்கொண்டு இருங்கள்' என்பார்கள்.

"காக்கா, கதைக்காதீங்க. சிரிச்சா முடிஞ்சுது," என்பார் அவர், காலைக் குறுக்கிக்கொண்டு. அந்த நாட்களில் நான் சிரித்தது அங்கே மட்டும்தான்.

சிகிச்சை முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்தார்கள். மீனவருடைய அளவு இறங்கியது. அடுத்த முறை இன்னும் இறங்கி, அப்படியே நின்றது. என்னுடையதும் முதலில் இறங்கியது. ஒரு வருடம் கழித்து ஏறத் தொடங்கியது. மூன்று முறை பார்த்தார்கள், மூன்று முறையும் ஏற்றம். ஆண் சுரப்பை அடக்கும் ஓமோன் ஊசி போட வேண்டும் என்றார் கிளினிக் டொக்டர். மீனவருக்கு இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். அதன்பிறகு பஸ்ஸில் எனக்கு இடம் பிடிக்க யாரும் இல்லை. பெரும்பாலும் நின்றுகொண்டே போனேன்.

ஊசி போட்ட பிறகு திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். காரணமில்லாமல் அழுகை வரும். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பேன். அப்படியான ஒரு நாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். அவர் கடலுக்குப் போய்வந்து குளித்துவிட்டு முற்றத்தில் நின்றார். ஆள் தேறியிருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போனார்.

என்னுடைய அளவு ஏறிவிட்ட கதையைச் சொன்னேன். பிறகு, சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்.

"அண்டைக்கு உங்கட கடதாசிய வாசிக்கக்குள்ள, என்ட கடதாசியில ஒரு நல்ல சங்கதி இரிக்கி, உங்களுக்கு இல்ல எண்டு நினைச்சன் தம்பி. உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். உங்களுக்குப் பக்கத்தில இரிந்து போய்வந்த நாளெல்லாம் அது இரிந்திச்சு. இப்ப பாத்தா எல்லாம் மற்றப் பக்கம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப என்னப் பாத்துப் பாவப்பட்டீங்களா?"

"ஓம்."

"நானும் உங்களப் பாத்துப் பாவப்பட்டுத்தான் வந்தன் காக்கா." அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "நான் வீட்ட வந்தா, மனிசி வாசல்ல நிண்டு இண்டைக்கு என்ன சொன்னாங்க எண்டு கேப்பாள். நீங்க சாய்ந்தமருதில இறங்கிப் போகக்குள்ள, இந்த மனிசன் ஆருகிட்டப் போய்ச் சொல்லப்போகுது எண்டு யோசிப்பன்."

நான் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தேன்.

"மகளுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"இன்னுமா? என்ன மனிசன் நீங்க! இண்டைக்கே சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு மகளுக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"வாப்பா, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. என்ன நடந்த?"

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முடித்ததும், "எத்தின மாசமா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு வருடத்துக்குக் கிட்ட என்றேன். அவள் அழுவது கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. மீண்டும் அழைத்து, "நான் வாறன்," என்றாள்.

பத்து நாளில் தனியாக வந்தாள். முதல் இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. கட்டில் விரிப்புகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். மூன்றாம் நாள் என் ஆஸ்பத்திரிக் கோப்பினை எடுத்துவைத்து ஒவ்வொரு தாளாக வாசித்தாள். பயொப்ஸிக் கடதாசியின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது நல்லதா, கெட்டதா வாப்பா?"

"எனக்குத் தெரியா மகள். எனக்குச் சொன்ன டொக்டருக்கும் தெரியா."

"அப்ப என்னத்துக்கு எழுதின?"

"கண்டதை எழுதத்தானே வேணும்."

அவள் தாளைக் கோப்புக்குள் வைத்தாள். அன்று மாலை இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். அவளுடைய உம்மா இறந்த பிறகு நாங்கள் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை. ஊசிக்கு அவளும் கூட வந்தாள். ஊசி வேலை செய்கிறது, அளவு இறங்கியிருக்கிறது என்றார் டொக்டர். எவ்வளவு காலத்துக்கு என்று அவள் கேட்டாள். ஆளுக்கு ஆள் வேறு என்றார்.

மூன்று கிழமையில் அவள் திரும்பிப் போனாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இப்போது ஒவ்வொரு நாளும் அழைக்கிறாள். சில நாட்களில் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. போனை வைக்காமல், அவள் சமைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போவதற்கு முதல்நாள் அவள் பகல் முழுக்கச் சமைத்து, ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைத்து, எந்தப் பெட்டியை எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்று மூடிகளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். இடையில் சில நாள் சாப்பிடாமல் விட்டதில், கடைசியாக மிஞ்சியது வெள்ளிக்கிழமை என்று எழுதிய இறால் கறி. திங்கட்கிழமை அதை எடுத்துச் சூடாக்கி, சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். உறைப்புக் கொஞ்சம் கூடுதல். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்னேர அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யப் போனேன்.