வெள்ளைத் தொப்பி வகுப்பு

பேத்தமங்களா போகும் சாலையில் புதிதாக ஒரு நீச்சல் குளம் திறந்தார்கள். உடனே ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் இருக்கும் எங்கள் கடையிலும், பள்ளிப் பைகளுக்குப் பக்கத்தில் நீச்சல் கண்ணாடிகளை வாங்கித் தொங்கவிட்டோம். முதலில் வந்த ரோஸ் நிறக் கண்ணாடியை என் மகள் எடுத்துக்கொண்டாள். ஏழு வயது. அதை மாட்டிக்கொண்டே இட்லி சாப்பிட்டாள், டிவி பார்த்தாள். தூங்கும்போதும் கழற்றவில்லை. கழற்றச் சொன்னால், "நீச்சல்ல சேத்துவிடு, கழட்டறேன்" என்றாள். கோடை விடுமுறை ஆரம்பித்ததும் சேர்த்துவிட்டேன்.

கற்றுக்கொடுத்தவள் கோலாரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஓர் இளம்பெண். கன்னடக்காரி, எங்களிடம் தமிழில்தான் பேசுவாள். முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கினாள். மொத்தம் நான்கு லெவல், லெவலுக்கு ஒரு தொப்பி. முகத்தைத் தண்ணீரில் வைக்கவும் மிதக்கவும் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வெள்ளை. பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிப்பவர்களுக்கு மஞ்சள். குளத்தின் குறுக்கே நீந்துபவர்களுக்கு நீலம். ஆழமான பக்கம் போகிறவர்களுக்குச் சிவப்பு.

என் அப்பாவும் கூட வந்திருந்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுரங்கத்தில் ஆழத்தை லெவல் கணக்கில்தான் சொல்வார்கள். லெவல் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த லெவல்ல ஆரம்பிக்கறாங்க?"

"ஒண்ணுலதான் நைனா" என்றேன்.

"ஒண்ணா? அது வாசப்படியாச்சே" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வாசற்படியே பெரிய பாடாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் தண்ணீருக்குள் முகத்தை வைத்து முட்டை முட்டையாக ஊதிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு படியிலேயே நின்றாள். நான் கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். "தண்ணிதானே, இன்னா பண்ணிடும்? தலையை உள்ள வை." மறுநாளும் அதையே கத்தினேன். அதற்கு அடுத்த நாள் டீச்சர் படியேறி என்னிடம் வந்தாள்.

"மேடம், ஒரு வாட்டி நீங்க எறங்கிக் காட்டுங்க. அவளுக்குத் தைரியம் வரும்."

"எனக்குக் கடை இருக்குதே."

"கடைய நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

மகள் படியில் நின்றபடியே ஒப்பந்தத்தை முடித்தாள். "அம்மா தலைய வச்சா நானும் வைப்பேன்."

மறுநாள் முழங்கால் வரை தொங்கும் முழுக்கைச் சட்டையும் லெக்கின்ஸுமாகப் போய் நின்றேன். எனக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். எண்ணெய் வைத்த நீள முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தேன். தொப்பியை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு பறந்தது. கடைசியில் டீச்சர் ஒரு பக்கமும் என் மகள் ஒரு பக்கமும் பிடித்து இழுத்து மாட்டிவிட்டார்கள். புருவம் இரண்டும் மேலேறி, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிறவள் போல ஆகிவிட்டேன்.

பிள்ளைகளுக்குக் கழுத்து வரை இருந்த தண்ணீர் எனக்கு இடுப்பு வரைதான் வந்தது. குனிந்தேன். மூக்குக்குப் பக்கத்தில் தண்ணீர் வந்ததும் கழுத்து தானாகவே நிமிர்ந்துகொண்டது. இன்னொரு முறை குனிந்தேன். மறுபடியும் நிமிர்ந்துகொண்டது. வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். என் குரலிலேயே, என்னைப் போலவே இழுத்துச் சொன்னாள்: "தண்ணிதானேம்மா, இன்னா பண்ணிடும்?" சொன்ன வேகத்தில், எப்படி என்று எனக்குக் காட்டுவதற்காக முகத்தை உள்ளே வைத்துவிட்டாள். இருமிக்கொண்டு எழுந்தவள் சிரித்தாள். அடுத்து இன்னொரு முறை வைத்தாள்.

நான் வந்த வேலை முடிந்துவிட்டது. ஏறிப் போயிருக்கலாம். ஆனால் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் என் சட்டையைப் பிடித்து, "ஆன்ட்டி, நாளைக்கும் வருவீங்க இல்ல? நானும் இன்னும் வைக்கல" என்றாள். அந்தக் குளத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி அவள்தான். இன்னொன்றும் உண்டு. நான் வளர்ந்தது சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில். குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைத்து, அளந்து அளந்து குளிப்போம். பேத்தமங்களா ஏரியைக்கூடப் பள்ளிச் சுற்றுலாவில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. உடம்பைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் நிற்பது எனக்கு அதுதான் முதல்முறை. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

அப்புறம் தினமும் போனேன். மகள் மஞ்சள் தொப்பிக்குப் போனாள், பிறகு நீலத்துக்கு. நான் வெள்ளையிலேயே கிடந்தேன். ஊதக் கற்றுக்கொண்டேன், ஆனால் மிதக்க வரவில்லை. மல்லாந்து படுத்தால் முதலில் கால் இறங்கும், அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் போகும். "நிதானா மேடம், நிதானா. தண்ணிய இறுக்கிப் புடிக்கிறீங்க. விட்ருங்க" என்பாள் டீச்சர். பல் இல்லாதவள் தன் பங்குக்கு, "வயித்த மேல தூக்குங்க ஆன்ட்டி, தோசை மாதிரி" என்பாள்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. என் கணவர் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ரயிலில் கூட வருகிறவர்கள், "உங்க வீட்ல இன்னும் வெள்ளைத் தொப்பிதானாமே" என்று விசாரித்தார்களாம். அப்பா டீக்கடையில் பேத்தியின் பெருமையைப் பேசும்போது யாரோ, "உங்க பொண்ணு எந்த லெவல்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அது இன்னும் கேஜ்லயே ஏறல. மேலயே நின்னுக்கினு பள்ளத்த எட்டிப் பாக்குது" என்று சொல்லியிருக்கிறார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில்கூட நான் கால் வைக்கவில்லையாம். சொன்னதை அவரே வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே எனக்கும் சொன்னார்.

மே மாதக் கடைசியில் தேர்வு வைத்தார்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அப்பாவும் வந்திருந்தார். காலையில் நீலத் தொப்பிகளின் முறை. என் மகள் பாதிக் குளத்தில் நின்றுவிட்டாள், தோல்வி. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து எங்கள் முறை. டீச்சர் பத்து எண்ணும் வரை மல்லாந்து மிதக்க வேண்டும். பல் இல்லாதவள் முதலில் மிதந்து காட்டிவிட்டு, எனக்கு வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

படுத்தேன். காது தண்ணீருக்குள் போனதும் குளத்துச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. என் மூச்சு மட்டும் கேட்டது. மேலே தகரக் கூரையில் ஒரு புறா நடந்தது. கால் இறங்கவில்லை. நான் எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. இவ்வளவு சுகமான படுக்கை ஒன்று இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் பத்து எண்ணி முடித்ததோ, "போதும் மேடம், எழுந்திரிங்க" என்று கூப்பிட்டதோ எனக்குக் கேட்கவில்லை.

எதிர்க்கரையிலிருந்த என் மகளுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. அம்மா அசையாமல் கிடக்கிறாள், கூப்பிட்டாலும் எழவில்லை. குதித்துவிட்டாள். எங்கள் பக்கத்தைப் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நுழைந்து, குறுக்கே நீந்தி வந்து, என் காலைப் பிடித்து இழுத்தாள். நான் மூழ்கி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு எழுந்தேன். தொப்பி எங்கோ போய்விட்டது.

"செத்துப்போய்ட்டியோன்னு நெனச்சேன்" என்றாள்.

"மெதந்துக்கினு இருந்தேன்டி."

அழலாமா, கோபப்படலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவளுக்குத் தான் நிற்கிற இடம் உறைத்தது. திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"மிஸ், முழுசா வந்துட்டேன். பாஸா?"

"மேடம் பாஸ். நீ தலைய மேல தூக்கிக்கினு நாய் மாதிரி நீந்தி வந்தே. அது கணக்கில்ல. மறுபடி போ."

போனாள். அந்தக் கோபத்திலேயே முகத்தைத் தண்ணீரில் வைத்து, ஒழுங்காகக் கையடித்து, நிற்காமல் எதிர்க்கரையைத் தொட்டாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

பள்ளி திறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போகிறோம். மகளுக்குச் சிவப்புத் தொப்பி. எனக்கும் பல் இல்லாதவளுக்கும் மஞ்சள். பலகையைப் பிடித்துக்கொண்டு இருவரும் சுவரிலிருந்து புறப்பட்டுக் காலடிக்கிறோம். அவள் முன்னால் போய்விடுகிறாள். நான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் மெதுவாகப் பின்னால் போய்ச் சுவரிலேயே இடிக்கிறேன். ஏன் அப்படி ஆகிறது என்று டீச்சருக்கும் இன்னும் பிடிபடவில்லை.