தலையால் போட்ட கோல்

1938ஆம் ஆண்டு ஜூலை 9, சனிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். பல் துலக்கிவிட்டுக் கிணற்றடியில் தொட்டித் தண்ணீருக்குள் கால்களை வைத்திருந்தேன். வலது காலுக்கு ஐந்து நிமிடம், இடது காலுக்கு ஐந்து நிமிடம். ஆறு மணிக்குக் கேப்பங்கூழ். ஆறரைக்குக் கணுக்காலில் சுற்றும் துணிகளைத் துவைத்து உலர்த்தினேன். ஏழு மணிக்கு முந்தைய நாள் நாட்குறிப்பைப் படித்துச் சரிபார்த்தேன். பிழை இல்லை.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் கால்பந்து அணியில் சென்டர் ஃபார்வர்டு. ஆலைப் பதிவேட்டில் என்னை நூல் பிரிவுக் குமாஸ்தா என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிரிவுக்கு மாதம் ஒருமுறை, சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடுவதற்காகப் போவேன். மற்ற நாட்களில் காலையில் ஓட்டம், மாலையில் பந்து. நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் நான் போட்ட கோல்களுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தேன். வலது கால், இடது கால், தலை என்று மூன்று பத்திகள். மூன்றில் தலைதான் நீளமான பத்தி.

அன்று மாலை தர்மபுரி மைதானத்தில் எங்கள் ஆலை அணிக்கும் உள்ளூர் அணிக்கும் ஆட்டம். மற்றவர்கள் பெங்களூரிலிருந்து லாரியில் வருவதாக ஏற்பாடு. எங்கள் ஊர் தர்மபுரியிலிருந்து மூன்று மைல் என்பதால் நான் இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தோம். பெண்ணின் அப்பா எனக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னோம். மானாவாரிக் காட்டில் சாமையும் ராகியும் போடுகிறவர் அவர். மாப்பிள்ளை வேலை செய்வதை நேரில் பார்த்துவிட்டுத்தான் வாக்குக் கொடுக்க முடியும் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பெண்ணிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: கால்பந்து தெரியுமா என்று. “பந்து தெரியுங்க. அதுக்கு எதுக்குச் சம்பளம்னுதான் தெரியல,” என்றாள். அன்றைய பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதி வைத்தேன். இவளைத்தான் கட்டிக்கொள்வது என்று அதற்கு அடுத்த வரியில் எழுதினேன். ஆனால் அரூர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரும் அவளைக் கேட்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் அந்தப் பக்கம். ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. ஆடி பிறப்பதற்குள் வாக்கு வராவிட்டால் ஆவணியில் அவள் அரூருக்குப் போய்விடுவாள்.

புறப்படும்போது அம்மா சொன்னாள்: “அவுங்க பாக்கறப்ப கொஞ்சம் அதிகமா உதைடா.”

“பந்து வந்தாத்தாம்மா உதைக்க முடியும்.”

“வரலைன்னா போயி வாங்கிக்க. வாயி இருக்குதில்ல.”

ஆட்டம் நாலரைக்குத் தொடங்கியது. பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் காரிமங்கலம் பஸ்ஸில் வந்து, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சென்டர் ஃபார்வர்டின் வேலையில் பெரும்பகுதி நிற்பது. பந்து பின்னால் இருக்கும்போது நான் முன்னால் நிற்க வேண்டும். இதை முன்பே அவர்களிடம் விளக்காதது என் தவறு. முதல் அரை மணி நேரத்தில் பந்து என்னிடம் மூன்று தடவை வந்தது. “சும்மாதான நிக்கறாரு. இதுக்கு அரூர்க்காரர் பரவால்ல, சும்மா உக்காந்தாவது இருக்கறாரு,” என்று தாய்மாமன் சொன்னது என் காதில் விழுந்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தபடியே மடியில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது எங்கள் வலது பக்க ஆட்டக்காரர் பந்தை உயரத் தூக்கி அனுப்பினார். எம்பி நெற்றியால் திருப்பினேன். உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஓரத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். எங்கள் கோல்கீப்பரும் கூட வந்தார். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், எனக்கு நல்லது செய்ய விரும்பியவர். பெண்ணின் அப்பா மடியை அவிழ்த்துக் கூழாங்கற்களைப் பெஞ்சின் மேல் கொட்டினார். நான் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஒரு கல் போட்டிருக்கிறார்.

“பதினொண்ணுங்க தம்பி,” என்றார்.

“பன்னெண்டுங்க,” என்றேன். நானும் எண்ணியிருந்தேன்.

அவர் கற்களை மறுபடியும் எண்ணினார். “பதினொண்ணுதான். தலையில பட்டுச்சே, அதையுமா சேக்கறீங்க?”

“அதுதாங்க கோல்.”

தாய்மாமன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அது தெரியாம பட்டுச்சா, இல்ல நீங்களா வேணும்னே குடுத்தீங்களா?”

தெரியாமல் பட்டது என்றால் அன்று நான் செய்த வேலை எதுவும் இல்லை என்று ஆகும். வேண்டுமென்றே கொடுத்தேன் என்றால் ஓடி வரும் பந்துக்கு முன்னால் தலையை நீட்டுகிறவன் என்று ஆகும். எது உண்மையோ அதைச் சொன்னேன்.

“வேணும்னேதாங்க.”

“தலையவா?” என்றார் பெண்ணின் அப்பா.

“ஆமாங்க.”

கோல்கீப்பர் இடையில் புகுந்தார். “மாமா, நீங்க பயப்படாதீங்க. இவன் தலை சாமானியத் தலை இல்ல, கல்லு. தெனமும் காலையில முப்பது தடவை குடுப்பான். ஒரு தடவ மயக்கம் போட்டுட்டான், ஆனா பத்து நிமிசத்துல எந்திரிச்சுட்டான்.”

அந்தக் காலத்துப் பந்தில் தோலைச் சேர்த்துக் கட்டும் வார் வெளியே தெரியும். அந்த வாரின் தடம் என் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. பெண்ணின் அப்பா எழுந்து வந்து அதை விரலால் அழுத்திப் பார்த்தார். பின்னந்தலையையும் தடவினார்.

“ஏழு பதினெட்டு எவ்வளவுங்க?”

“நூத்தி இருபத்தாறுங்க.”

அவர் தாய்மாமனைப் பார்த்தார். தாய்மாமன் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். “சரியாத்தான் இருக்கும். ஆனா அரூர்க்காரருக்கு இந்தச் சோதனையே வேண்டாம் பாருங்க. அவரு தலைக்கு மேல ஓடு இருக்குது,” என்றார்.

பெண்ணின் அப்பா உட்காரவில்லை. “கால் உங்க கால். என்ன வேணா பண்ணிக்குங்க. தலைய மட்டும் இனிமே பந்துக்குக் குடுக்கக் கூடாது. அதுக்குச் சரின்னா எம் பொண்ணு உங்க வூட்டுக்கு.”

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு, கையைச் சற்று முன்னால் நீட்டியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வியர்வையைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அட்டவணையின் மூன்றாவது பத்தியை நினைத்தேன். பந்தும் சம்பளமும் பற்றி அவள் சொன்ன வாக்கியத்தையும் நினைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“சரிங்க,” என்றேன்.

அவர் கை துண்டுக்கு அடியில் அப்படியே இருந்தது.

“சரியா?” என்றார் தாய்மாமன்.

“சரிங்க.”

“ஒரேடியாவா?”

“ஒரேடியாத்தாங்க.”

பெண்ணின் அப்பா துண்டை மெதுவாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கேட்டது கிடைத்தவரின் முகமாக அது இல்லை. ஆறே முக்காலுக்கு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆலை அணிச் செயலாளரிடம் போய், இனிமேல் தலையால் ஆட முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். மாமனார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தனக்கும் ஒருவர் இருக்கிறார் என்றார். வலது பக்க ஆட்டக்காரர் பந்தைத் தரையோடு அனுப்பப் பழக இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை உயர வந்த பந்துகளை எல்லாம் நான் நின்று பார்த்தேன். “தலைய மாமனார் வூட்டுல அடகு வெச்சுட்டான்பா,” என்று வேடிக்கை பார்ப்பவர்கள் கத்தினார்கள். பெங்களூரில் அவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று விசாரித்தேன். கோல்கீப்பர்தான்.

கால்களை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஆடினேன். வாக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. மாகாண அணிக்கு ஆள் எடுத்தபோது இரண்டு தடவை என் பெயர் வந்து, உயரப் பந்துக்குப் பயப்படுகிறவன் என்ற குறிப்போடு திரும்பிப் போயிற்று. 1946இல் இடது முழங்கால் கெட்டது. ஆலையில் என்னை நூல் பிரிவிலேயே உட்காரச் சொன்னார்கள். எட்டு வருடத்துக்கும் மேலாகப் பதிவேட்டில் இருந்த நாற்காலி அது. முதல் நாள் வேலைக்குப் போய் வந்து சாப்பிடும்போது மனைவி கேட்டாள்:

“அன்னிக்கு எங்கப்பா துண்டைப் போட்டப்ப நீங்க ஏன் கைய உள்ள விடல?”

சந்தையில் மாடு விற்கும்போது துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

“வேர்வை தொடைக்கறாருன்னு நெனச்சேன்,” என்றேன்.

“எங்கப்பா எதையும் மொதல் விலைக்கு வித்ததில்ல. யாரும் வாங்கினதும் இல்ல. நீங்க ஆட்டத்துக்கு ஒரு தடவ தலையால அடிக்கறேன்னு கேட்டிருந்தா, மாசத்துக்கு நாலு தடவைக்கு எறங்கியிருப்பாராம். அந்த வாரமே மாமங்கிட்டச் சொல்லி வருத்தப்பட்டாரு. இப்படி ஒரு ஆளு எங்க போயிப் பொழைப்பாருன்னு.”

“நீ அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“எப்படிச் சொல்றது? கல்யாணமாகி வந்து பார்த்தா அதுக்குள்ள எழுதி வெச்சுட்டீங்க.”

மாதத்துக்கு நாலு வீதம் எட்டு வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டேன். அந்த எண்ணை மட்டும் நாட்குறிப்பில் எழுதவில்லை.

அவள் சொன்னது சரி. நான் எழுதிவிட்டிருந்தேன். 1938ஆம் ஆண்டு ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். பல் துலக்குவதற்கு முன்பு, நாட்குறிப்பை எடுத்து, தலைப் பத்தியில் முந்தைய நாள் கோலைச் சேர்த்து, அதற்குக் கீழே அடிக்கோலை வைத்து, கணக்கு முடிந்தது என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். மை காய்ந்த பிறகு மூடி வைத்தேன்.