வாசல் வரை ஆட்டோ

என் மனைவி பெரியபாளையத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கைக்குழந்தையும் அங்கேதான். சண்டை எதுவும் இல்லை. எங்கள் தெருவுக்கு ஆட்டோ வராது, அவ்வளவுதான்.

கவரைப்பேட்டைப் பக்கம் கம்பெனிகளுக்குப் பின்னால் எங்கள் தெரு. வெறும் மண். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. போன மழையில் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, ஆட்டோக்காரர் மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வர மறுத்துவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஊட்டு வாசலுக்கு ஆட்டோ வரட்டும். அன்னிக்கு நானும் வர்றேன்" என்றாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

ரோடு கேட்டு நாங்கள் ஏறாத படி இல்லை. பஞ்சாயத்தில் கேட்டால் யூனியன் ஆபீசைக் கை காட்டுவார்கள். அங்கே போனால் பஞ்சாயத்தைக் காட்டுவார்கள். திருவள்ளூரில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் ரசீதுச் சீட்டு தருவார்கள். ஓட்டுக் கேட்க மட்டும் அதே சேற்றில் வேட்டியை மடித்துக்கொண்டு நடக்க எல்லோருக்கும் தெரிகிறது.

ஷிப்டு முடிந்து வந்து வீடியோவில் பேசுவேன். என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை போனைத் திருப்பி, அதன் பின்பக்கம் என்னைத் தேடும். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்காது. பாயில் அவள் படுக்கும் பக்கம் நான் படுப்பதில்லை.

கடைசியில் தெரு ஆட்களே கூடினோம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரும்பு உருக்கும் கம்பெனிகளில்தான் வேலை. உலையில் மிஞ்சும் கருப்புக் கசடு வெளியே மலை மாதிரிக் கிடக்கும். கேட்டோம், அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினோம்.

"இன்னா நைனா, பொண்டாட்டிக்கு ரோடு போட்டுக்கினு கீறியே, நாங்களும் நடக்கலாமா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"நீ இன்னாத்துக்கு நடக்கிற? ஆட்டோல போக்கா."

சேறு மேலே வந்துவிடக் கூடாதென்று வாராவாரம் இன்னும் உயர்த்தினோம். தண்ணீர் வடிய வாய்க்கால் விட வேண்டுமே என்று ஒருவனும் யோசிக்கவில்லை. ஆட்டோ வந்தால் போதும் என்றிருந்தோம்.

அவள் வருவதாகச் சொன்ன அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. அத்தனையும் வழிந்து, தெருவை விடத் தாழ்ந்துபோன எங்கள் வீடுகளுக்குள் இறங்கியது. மதியம் ஆட்டோ வாசலிலேயே வந்து நின்றது. அவள் இறங்காமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது.

"ரோடு நல்லா கீது. ஊடு எங்க?" என்றாள்.

"மோட்டார் வச்சி எறச்சிடலாம்மா."

"அதுவரைக்கும் புள்ளய எங்க படுக்க வைக்கிறது?"

ஆட்டோவுக்குள் தலையை விட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். பால் வாசனை அடித்தது. "அண்ணா, மழ ஏறுது" என்று டிரைவர் சொல்லும்வரை வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஆட்டோ வந்த வழியே திரும்பிப் போனது.

ரோட்டைக் குறுக்கே வெட்டினால் தண்ணீர் அந்தப் பக்கப் பள்ளத்துக்கு வடிந்துவிடும். ஆனால் ஆட்டோ வராது. பெரிய குழாய் புதைத்தால் இரண்டும் நடக்கும். அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம். அக்கா தினமும் பக்கெட்டில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே, "வெட்டு நைனா" என்கிறார். நாளைக்கு வெட்டுகிறேன் என்கிறேன். நேற்றும் அப்படித்தான் சொன்னேன்.