முதல் சுரைக்காய்

எங்கள் வீட்டில் கொல்லையில் காய்க்கும் முதல் காய் சாமிக்கு. படைக்கும்வரை ருசி பார்க்கக் கூடாது. போன வருடம் பந்தலில் தொங்கிய முதல் சுரைக்காயையும் அப்படித்தான் கூட்டு வைத்துப் படைத்துவிட்டு, கணவருக்குப் பரிமாறினேன். அவர் தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் நான் ஒரு வாய் வைத்தேன். வேப்பெண்ணெய் மாதிரிக் கசந்தது. துப்பிவிட்டு அவரிடம் ஓடினேன்.

"ஏங்க, கசக்கலையா?"

"கசந்துச்சு. நீ ஆசையா வளத்தது. சொன்னா கோச்சுப்ப."

ஒருமுறை உப்பு கம்மி என்றதற்கு இரண்டு நாள் பேசாமலிருந்தவள் நான்.

அரை மணியில் வாந்தி எடுத்தார். அதில் ரத்தம் வந்தது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர்வரை காரில் அவர் தலை என் மடியில் கிடந்தது. கை சில்லிட்டிருந்தது. "ஏதாவது பேசுங்க, என்னைத் திட்டவாவது செய்ங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனேன். அவர் கண் திறக்கவில்லை.

"கசக்குற சுரைக்காய் விஷம்மா. ஒரு வாயோட நிறுத்தியிருக்கணும்," என்றார் டாக்டர்.

நான்காம் நாள் பிழைத்து வீடு வந்தார். இப்போதெல்லாம் காயை நறுக்கியதுமே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிடுகிறேன். சாமி பொறுத்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ரசம் சாதம் பிசைந்து கொடுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். உயிர் போய்த் திரும்பிய பிறகும், பதில் சொல்லும் முன் அவர் என் முகத்தைத்தான் பார்த்தார்.