வந்தபடியே திரும்பும் மூலக்கூறு

இந்தப் பிரெஞ்சு நகரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒருவரையொருவர் தொடுவதில்லை. தவறி என் தோள் யார் மீதாவது பட்டுவிட்டால் "பார்தோன்" என்று இருவருமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், ஊருக்குப் போகும் கலஹா பஸ்ஸில் என் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் பட்டதே அபூர்வம். அங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆள் சுகமில்லாதவன் என்று உட்கார இடம் கொடுத்திருப்பார்கள்.

எனக்குச் சோறு போடுவதே மோதல்தான். தனித்திருக்கும் மூலக்கூறு வெளிவிடும் ஒளி, நிறமாலையில் மெல்லிய கோடாக விழும். இன்னொரு மூலக்கூறு வந்து மோதினால் அந்தக் கோடு அகலும், சற்று இடமும் நகரும். எவ்வளவு என்பதைக் குவாண்டம் முறையில் கணக்கிடுகிறேன். இந்த எண்கள் பிழைத்தால் காற்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறதென்று வானிலிருந்து அளக்கும் செய்மதியும் பிழையாகவே சொல்லும். கணக்கில் இரண்டையும் வெகு தொலைவில் வைத்துத் தொடங்குவோம். நெருங்கவிட்டு, மறுபடியும் வெகு தொலைவுக்கு அனுப்பிவிடுவோம். ஆற்றல் கைமாறினால்தான் கோடு அகலும் என்றில்லை. எதையும் கொடுக்காமல், எதையும் வாங்காமல், வந்தபடியே திரும்பிப்போகிற மூலக்கூறும் மற்றதன் அலையைக் குலைத்துவிட்டுத்தான் போகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சென்ற வருடம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அவர் தனியாக இருக்கிறார். ஆய்வகத்தில் என் அறையிலேயே வேலை செய்யும் கிளேரிடம் இதைச் சொன்னேன். "இந்த வயதிலும் தனியாக வாழ்கிறாரா? எவ்வளவு அருமை!" என்று மனம் நிறைந்து பாராட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அந்த வாரமே பேராதனையில் ஒரு விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன். அது கிடைத்தும்விட்டது. இங்குள்ள கணினியில் அங்கிருந்தபடியே கணக்குகளை ஓடவிடலாம். நான் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டு எழுதலாம் என்று போனேன். பூரித்துப்போவார் என்று நினைத்திருந்தேன். அவரோ பிளேன்டீயை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வராத தம்பி."

"ஏம்மா? ஒங்களப் பாத்துக்கத்தானே வர்றேன்."

"என்னையப் பக்கத்து வூட்டு செல்வி பாத்துக்குது. நீ வந்து நின்னா, அங்க வெரட்டிட்டாங்கன்னுதான் தோட்டமே பேசும். நீ வெளிய போனதக் காட்டித்தான் இங்க மத்த புள்ளைகளப் படிக்க வைக்கிறாங்க. அத நீயே கெடுத்துறாத."

எனக்குக் கோபம் வந்தது. ஊராரின் பிள்ளைகளுக்காக என் அம்மாவை நான் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் என் டீ ஆறிவிட்டதென்று வாங்கிச் சூடாக்கப் போனார். அவருடைய நெஞ்சுவலிக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் வாதாடுவது? லீவு முடியும்வரை கூடவே இருந்தேன். பதவி வேண்டாம் என்று கலஹாவிலிருந்தே எழுதி அனுப்பினேன்.

பிரான்சுக்குத் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. இத்தனை வருடமும் இந்த நாட்டை "அங்க" என்று மட்டுமே சொல்லிவந்த அம்மா, "வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா தம்பி?" என்று கேட்டார்.

"சேந்துட்டேம்மா" என்றேன். அவர் போனை வைத்த பிறகும், பெட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு, சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.