டாக்டர் அறையில் விரித்த சேலை

சுனாமிக்கு அடுத்த வருடத் தீபாவளிக் கூட்டத்தில், நான் வேலை பார்த்த கடலூர் ஜவுளிக்கடையில் மேல்தட்டிலிருந்து ஒரு சேலைக்கட்டு சரிந்து என் வலது தோளில் விழுந்தது. அதன்பிறகு ஒரு சேலையைக்கூட வலியில்லாமல் விரித்துக் காட்ட முடியவில்லை. கடலூரில் பார்த்த இரண்டு டாக்டர்களும் நான் சொல்லி முடிப்பதற்குள் மாத்திரை எழுதிவிட்டு, "ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடையில் ரெஸ்ட்! வந்த கோபத்தில் எனக்கு வலிகூட மறந்துபோனது.

சிதம்பரத்தில் இருந்த என் நாத்தனார்தான் தனக்குத் தெரிந்த எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் பேனாவைத் தொடவே இல்லை. "கடையில எப்படி விரிப்பே? செஞ்சு காட்டும்மா" என்றார்.

அங்கே சேலைக்கு எங்கே போவது? நோயாளிகள் படுக்கும் கட்டிலில் கிடந்த பச்சைத் துணியை எடுத்து, முந்தானையை வீசுவதுபோல ஒரு முனையைப் பிடித்து வீசினேன். வாய் தானாகப் பேசியது: "பார்டர பாருங்கக்கா, சாயம் போவாது."

நாத்தனார் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, தோள்பட்டைக்குப் பின்னால் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இங்கதானே?"

"ஐயோ, அங்கயேதான் சார்!" வலியிலும் சந்தோஷத்திலும் கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு, வெளியே காத்திருந்த ஒரு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் கையில் விரிந்து தொங்கிய துணியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல வேற கலர் இருக்கா?"