பிச்சைமணி வீட்டுப் புல்தரை

பிச்சைமணி செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டுப் புல்லில் இறங்குகிறார். காலையில் அவர் களை பார்ப்பது கண்ணால் அல்ல, உள்ளங்காலால். ஓரடி வைப்பார், நிற்பார், பெருவிரலால் தடவுவார். மெத்தென்ற புல்லுக்குள் சொரசொரவென்று ஏதாவது தட்டுப்பட்டால் குனிந்து வேரோடு பிடுங்கி, மடித்துக் கட்டிய வேட்டிக்குள் போட்டுக்கொள்வார். சுற்றி முடிக்கும்போது இடுப்பில் ஒரு சின்ன மூட்டை சேர்ந்திருக்கும்.

அனுமந்தன்பட்டியை ஒட்டிப் புதிதாக எழும்பிய வீடுகள் எங்களுடையவை. எல்லா வீட்டு முன்னாலும் மனை விற்றவர்கள் பதித்துக் கொடுத்த ஒரே ரகப் புல். மற்ற வீடுகளில் அது கருகி, நாய் படுக்கவும் கார் நிற்கவும் ஆகிவிட்டது. பிச்சைமணி வீட்டில் மட்டும் நெய்த பாய் மாதிரி கிடக்கிறது. திராட்சைத் தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே குடிவந்தவர். பந்தலுக்கு அடியிலேயே வாழ்ந்ததால் கழுத்து இன்னும் சற்றுப் பின்னால் சாய்ந்தே நிற்கும். "அண்ணாந்து பாத்தே காலம் போச்சு. இப்பத்தேன் பூமியப் பாக்குறேன்" என்பார். மிஷினால் புல் வெட்டுவதை வெட்டுவது என்று சொல்லமாட்டார். கொடியைக் கழிப்பதற்குச் சொல்லும் அதே வார்த்தைதான்: "இன்னைக்குக் கவாத்து. யாரும் உள்ள வராதீக."

பின்பக்கத்தில் அவர் மனைவி உமாதேவிக்கு ஒரு பாகற்பந்தல். கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்து, திராட்சைக்குப் போடுவதுபோலப் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். இந்த வருடம் கொடி படர்ந்து மஞ்சளாகப் பூத்தும் காய் பிடிக்கவில்லை. விரல்நுனி அளவுப் பிஞ்சுகள் வெளுத்து உதிர்ந்தன. பிச்சைமணிக்குச் சோறு இறங்கவில்லை. "நம்ம கைபட்ட பந்தல் பொய்ச்சுப் போச்சுன்னா ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டுறது?"

தோட்டத்து வைத்தியத்தில் இறங்கினார். காய் பருக்கத் திராட்சைக் குலையை முக்கி எடுக்கும் ஊக்கி மருந்தைக் குவளையில் கலந்துகொண்டு, ஒவ்வொரு பாகல் பூவையும் பிஞ்சோடு பிடித்து முக்கினார். முக்கியதெல்லாம் உதிர்ந்தது.

திராட்சை தானே பூத்துத் தானே பிடித்துக்கொள்ளும். தேனீயின் தயவு அதற்கு வேண்டாம். பழம் வெடிக்கும் நாளில் வந்து மொய்க்கும் தேனீயைத் துண்டை வீசி விரட்டியே பழகிய மனிதர். பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, நடுவில் தேனீ போய்வந்தால்தான் காய் என்பது அவர் நினைப்பிலேயே வரவில்லை. உமாதேவிக்கு வந்தது.

"பக்கத்துக் காலி மனையில தும்பை நின்னப்ப இங்கன தேனீ மொச்சுக்கிட்டுக் கெடந்துச்சுல்ல? வெத செதறி ஒங்க லானுக்கு வந்துரும்னு, அவுக மனைக்கும் சேத்து மருந்தடிச்சு மொட்டையாக்குனது ஆரு?"

"அடுத்தவுக மனையச் சுத்தம் பண்ணிக் குடுத்தது குத்தமா?"

"குத்தமில்ல. இனி ஒங்க புல்லையே வறுத்துத் திம்போம்."

தேனீக்குப் பூச்செடி வளர இடம் விடுவது பற்றிப் பேச்சுவார்த்தை சில நாள் நடந்தது. கொல்லையில் ஒரு மூலை தருகிறேன் என்றார் அவர். அங்கே வெயிலே விழாது என்று உமாதேவி மறுத்துவிட்டார். கடைசியில் முன்பக்க மதிலோரமாக இரண்டு முழ அகலத்துக்குக் கவாத்து கிடையாது, மருந்து கிடையாது என்று முடிவானது. தும்பையும் மூக்குத்திப்பூவும் அங்கே தாமாக முளைத்தன. உமாதேவி துளசியும் ஊன்றினார். ஆனால் பிச்சைமணி கயிறு பிடித்து நேர்க்கோடு போட்டுக் கொடுத்த பிறகுதான். "காடா இருந்தாலும் வரப்பு வேணும்ல" என்பது அவர் கட்சி.

எதிர்வீட்டு சசிதரன் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். காரை எடுக்கும்போது ஒருநாள் மதிலோரத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, மிஷினுக்குப் பாதியிலயே பெட்ரோல் தீந்துபோச்சா?"

"தீரலப்பா. கயித்துக்கு அங்கிட்டு ஒங்க மதினி ஆட்சி."

இரண்டு மாதத்துக்கு முன்பு பந்தலில் காய் பிடித்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வந்தது. தேனீ வந்ததால்தானே என்று கேட்டேன்.

"அட, நான் முக்குன மருந்து இப்பத்தேன் வேலை செய்யுது" என்றார் பிச்சைமணி.

"ஆமா, உதுந்த பூவெல்லாம் திரும்ப ஏறி ஒட்டிக்கிருச்சு" என்றார் உமாதேவி, உள்ளே இருந்து.

பிச்சைமணி சிரித்தாரே தவிர, மருந்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டு நேற்றுத்தான் திரும்பினார்கள். இன்று காலை புல்லின் நட்டநடுவில், பூவோடு ஒரு தும்பைச் செடி நின்றது. பிச்சைமணி குனிந்தார். நீட்டிய கை நின்றது. பூவில் ஒரு தேனீ. குந்தி உட்கார்ந்து, அது ஒவ்வொரு பூவாக நுழைந்து வெளியேறிப் பறக்கும்வரை காத்திருந்தார். பிறகு களைக்கொத்தை எடுத்துவந்து, சுற்றிலும் மண்ணோடு செடியைப் பெயர்த்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் மதிலோரத்தில் நட்டார். திரும்பி வந்து, பள்ளத்தில் ஒரு பிடி புல்லை வைத்து அழுத்தி, பக்கத்துப் புல்லோடு சமமாகும்வரை தட்டிக்கொண்டிருந்தார்.